தங்கம் போயிற்று, தூசு தங்கிற்று!

மாரிகுப்பத்திலோ, சாம்பியன் ரீபிலோ, ஆண்டர்சன்பேட்டையை ஒட்டிய ஏதாவது ஒரு லைனிலோ இரவு பத்து மணிக்கு மேல் நடந்து பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே ஓர் இருமல் கேட்கும். நாலு வீடு தள்ளி இன்னொன்று அதற்குப் பதில் சொல்வது போல எழும். சுரங்கத்தின் சங்கு ஓய்ந்து கால் நூற்றாண்டு ஆகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று கதவைச் சாத்தினார்கள், கேஜ் நின்றது, சக்கரம் துருப்பிடித்தது. இந்த இருமலுக்கு மட்டும் இன்றுவரை மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

காசநோய் என்று அரசாங்கம் சொல்கிறது. டி.பி. என்று நாம் சொல்கிறோம். எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் நம் பாட்டிமார் சொன்னார்கள். பெயர் எதுவானாலும் சாவு ஒன்றுதான். 2018 மார்ச்சில் டில்லி மாநாட்டில் பிரதமர் எழுந்து, உலகம் 2030 என்று கெடு வைத்திருக்கிறது, இந்தியா 2025க்குள்ளேயே காசநோயை ஒழித்துவிடும் என்று அறிவித்தார். கை தட்டினார்கள். சுவரெல்லாம் எழுதினார்கள். லட்சம் பேருக்கு 44 புதிய நோயாளிகள் என்ற அளவுக்கு நோயை இறக்குவதே அந்தத் திட்டத்தின் குறி. உலக சுகாதார நிறுவனம் 2025 இல் வெளியிட்ட அறிக்கை 2024ஆம் ஆண்டுக்குக் கூறும் கணக்கு, லட்சத்துக்கு 187. உலகத்தில் காசநோய் பிடித்த நான்கு பேரில் ஒருவர் இந்தியர். ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் பேருக்கு நோய், சுமார் 3 லட்சம் பேருக்குச் சாவு. நாளொன்றுக்கு எண்ணூறு பாடை!

குறையவே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2015 இல் லட்சத்துக்கு 237 ஆக இருந்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்திருக்கிறது. உலகச் சராசரியைவிட இது வேகமான இறக்கம்தான். அதற்காக உழைத்த கிராமச் சுகாதார ஊழியர்களுக்கும், ஆஷாப் பெண்களுக்கும், சளிக் கிண்ணத்தைக் கையால் வாங்கும் ஆய்வகத் தோழர்களுக்கும் நம் வணக்கம் உரியது. ஆனால் ஒழிப்பு வேறு, குறைப்பு வேறு. கெடு முடிந்துவிட்டது, நோய் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்ற கேள்வியை டில்லியில் உட்கார்ந்து கேட்பதைவிடத் தங்கவயலில் நின்று கேட்டால் விடை தெளிவாகக் கிடைக்கும் என்பது நம் துணிபு.

ஏனென்றால் தங்கவயலின் காசநோய், கிருமி ஒன்றால் மட்டும் வந்த நோயன்று.

கிருமி எங்கும்தான் இருக்கிறது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இராபர்ட் காக் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஏறக்குறைய அதே காலத்தில்தான், 1880இல், ஜான் டெய்லர் கம்பெனி இங்கே பாறையைத் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும், சேரியின் பட்டினிக்கும் ஊராரின் கொடுமைக்கும் தப்பி நம் பாட்டன்மார் மூட்டையோடு வந்து இறங்கினார்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒரே காலத்தில் உழைத்த இடம் இது. பூமிக்குள் மூன்று கிலோ மீட்டருக்கும் கீழே இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. வெள்ளைக்காரத் துரையின் பங்களா ஒளிர்ந்தது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் மேலே போயிற்று. கீழே இறங்கியவன் நெஞ்சுக்குள் கல் இறங்கிற்று.

அது என்ன கல்? தங்கம் கிடந்தது வெண்கல் நாளத்தில். அந்த வெண்கல்லைத் துளைத்தாலும் வெடி வைத்தாலும் கிளம்புவது சிலிக்கா என்னும் தூசு. கண்ணுக்குத் தெரியும் தூசு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், துப்பினால் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நுரையீரலின் அடிப்பைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே உடம்பின் காவல்காரர்களான சில அணுக்கள் இருக்கின்றன. உள்ளே எது வந்தாலும் விழுங்கிச் சாகடிப்பது அவற்றின் வேலை. சிலிக்காவை விழுங்கினால் அவையே சாகின்றன. செத்த இடத்தில் தழும்பு விழுகிறது. தழும்பு மேல் தழும்பு விழுந்து நுரையீரல் கல்லாகிறது. இதுதான் சிலிகோசிஸ். இதற்கு மருந்து கிடையாது. சுரங்கத்தை விட்டு வெளியே வந்த பிறகும் இது வளரும். காசநோய்க் கிருமியைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டியதும் அந்தக் காவல்கார அணுக்கள்தான். காவல்காரன் செத்த வீட்டில் திருடன் நுழைவதற்குக் கேட்பானேன்? சிலிகோசிஸ் உள்ளவனுக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைப் போல் மூன்று நான்கு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன.

முதலாளிகளுக்கு இது தெரியாதா? தெரியும். தங்கவயலுக்கு மேஸ்திரிகளாகவும் கேப்டன்களாகவும் வந்த வெள்ளைக்காரர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள். அந்தக் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் நெஞ்சு நோயால் ஏன் மடிகிறார்கள் என்று விசாரித்து, கல்தூசுதான் காரணம், தண்ணீரைப் பாய்ச்சித் தூசை அடக்குங்கள் என்று ஹால்டேன் முதலிய அறிஞர்கள் அறிக்கை கொடுத்தது 1904இல். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இந்த நோய்க்கு உதவித்தொகைச் சட்டம் வந்தது 1911இல். அதிலும் வெள்ளைத் தோலுக்கு ஒரு நீதி, கறுப்புத் தோலுக்கு ஒரு நீதி. நம்மவர் நெஞ்சைப் பெருமளவில் படம்பிடித்துப் பார்த்ததோ 1940களில்தான். பார்த்தபோது பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் சிலிகோசிஸ் இருந்தது. இந்திய மருத்துவப் பாடநூல்களில் சிலிகோசிஸ் என்ற தலைப்பைப் பிரித்தால் கோலார் என்ற பெயர் வரும். தங்கத்தால் கிடைத்த புகழ் ஒரு பக்கம். இந்தப் புகழ் இன்னொரு பக்கம்!

1956இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்தது. 1962இல் மத்திய அரசிடம் போயிற்று. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயர் வந்தது. முதலாளி மாறினான், பலகை மாறியது. நெஞ்சுக்குள் போன கல் மாறவில்லை.

இங்கேதான் நாம் சொல்ல வந்த விஷயம் தொடங்குகிறது. நம் சங்கத்துக்கு ஒரு தாய் வந்தார். தகரப் பெட்டி ஒன்றைத் திறந்து தம் கணவரின் காகிதங்களை மேசை மேல் பரப்பினார். இருபது ஆண்டுக்கு மேல் அண்டர்கிரவுண்டில் உழைத்தவர் அவர். சுரங்கம் மூடிய பிறகு மூன்று முறை டி.பி. மருந்து சாப்பிட்டிருக்கிறார். மூன்று அட்டைகள் இருந்தன. மூன்றிலும் "டி.பி." என்று எழுதியிருந்தது. ஒன்றில்கூட அவர் சுரங்கத் தொழிலாளி என்று எழுதவில்லை. சிலிகோசிஸ் என்ற சொல் எங்கும் இல்லை. மூன்றாம் அட்டை முடிவதற்குள் அவர் முடிந்துவிட்டார். பிறகு இரண்டாவது மகனுக்கு நோய் வந்தது. அந்தப் பிள்ளை சுரங்கத்தின் வாயைக்கூட எட்டிப் பார்க்காதவன். பெங்களூரில் செக்யூரிட்டி வேலை. அப்பனும் பிள்ளையும் பத்துக்குப் பத்து அறையில் ஒன்றாகப் படுத்தவர்கள். அப்பன் நெஞ்சிலிருந்த கல் பிள்ளைக்கு வராது. அந்தக் கல் உள்ளே விட்ட கிருமி வரும். சுரங்கம் வைத்த கடன் இப்படித்தான் அடுத்த தலைமுறைக்குப் பற்று எழுதப்படுகிறது.

அட்டையில் அந்த ஒரு சொல் ஏன் விடுபடுகிறது? மருத்துவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நாம் கூறமாட்டோம். எக்ஸ்ரேயில் இரண்டு நோயின் நிழலும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பிரித்துச் சொல்லப் பழக்கம் வேண்டும். அதைவிட முக்கியம், "நீ என்ன வேலை செய்தாய்?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்கு எந்த மிஷினும் வேண்டியதில்லை. ஆனால் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். டி.பி. என்று எழுதினால் அது ஏழையின் விதி, மாத்திரையோடு முடிந்தது. சிலிகோசிஸ் என்று எழுதினால் அது தொழில் நோய். நஷ்டஈடு என்ற கேள்வி எழும். யார் கொடுப்பது என்ற வழக்கு எழும். இந்தியா முழுவதும், கல் உடைக்கும் ஊர்களிலெல்லாம், சிலிகோசிஸ்காரனை டி.பி.காரனாகவே எழுதி அனுப்பும் வழக்கம் இதனால் வேரூன்றிவிட்டது.

சட்டம் இல்லாமலா? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், சிலிகோசிஸ் மட்டுமல்ல, சிலிகோசிஸோடு சேர்ந்த காசநோயும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருந்தது. சிலிகோசிஸ் முக்கிய காரணமாக இருந்தால் அந்தக் காசநோய்க்கும் நஷ்டஈடு உண்டு என்பதே அதன் பொருள். 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின்படி சிலிகோசிஸ் கண்டால் அரசுக்கு அறிவித்தாக வேண்டியிருந்தது. ஏட்டில் எல்லாம் இருந்தது. அட்டையில் அந்தச் சொல் எழுதப்பட்டால்தான் ஏடு அசையும். எழுதப்படவில்லை, எனவே அசையவில்லை.

அசைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள், நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்து கூலிக்கு இறங்கிய கறுப்புத் தோழர்கள், பல ஆண்டுகள் கோர்ட்டு ஏறினார்கள். 1965 முதல் வேலை செய்த எல்லாருக்காகவும் ஒரே வழக்கு. கடைசியில் ஆறு கம்பெனிகள் சமரசத்துக்கு இறங்கி வந்தன. சிலிகோசிஸ்காரருக்கும், சுரங்கத்தால் காசநோய் பெற்றவருக்கும், இறந்தவரின் குடும்பத்துக்கும் சுமார் 500 கோடி ராண்ட் ஒதுக்க ஒப்பினார்கள். 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றம் அதை ஏற்றது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ராஜஸ்தானில் கல்குவாரித் தொழிலாளர்களின் போராட்டத்துக்குப் பிறகு 2019இல் அந்த மாநில அரசு தனிக்கொள்கை வகுத்தது. சிலிகோசிஸ் என்று சான்று கிடைத்தால் 3 லட்சம் ரூபாய், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ராஜஸ்தானில் முடிந்தது கர்நாடகத்தில் ஏன் முடியாது? இந்திய மருத்துவ நூலில் பெயர் பெற்ற நோயாளிகள் கர்நாடகத்தில் அல்லவா இருக்கிறார்கள்!

இனி மருந்தைப் பற்றி. தோழர்களே, இதைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் வீட்டுக்கு உதவும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், எடை குறைவு, சளியில் இரத்தம் - இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை வேண்டும். அரசு மருத்துவமனையில் காசில்லை. இருமல் மருந்துப் பாட்டிலை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். 1960களில் பெங்களூர் தேசியக் காசநோய் நிறுவனத்தார் தும்கூர்ப் பகுதியில் ஆராய்ந்தபோது, நோயின் அடையாளம் உள்ளவர்களில் பாதிப்பேருக்கு மேல் தாமாகவே மருத்துவமனைக்குப் போயிருந்ததும், அவர்களில் பெரும்பாலோர் சளியைச் சோதிக்காமலே பாட்டில் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டதும் தெரிந்தது. ஏழை அசட்டையால் சாகிறான் என்ற பழியை அந்த ஆராய்ச்சி அன்றே உடைத்தது. அறுபது ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பாட்டில் நம்மைத் துரத்துகிறது. இன்றோ இரண்டு மணி நேரத்தில் கிருமியைக் காட்டும் ட்ரூநாட் என்ற கருவி உள்ளது. பெங்களூர் ஆய்வகத்தில் உருவான கருவி. அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நோய் உறுதியானால் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்து. மொத்தம் ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, "குணமாயிற்று" என்று தோன்றும். அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். அத்துடன், சுரங்கத்தில் உழைத்தவர்கள் மருத்துவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிலிகோசிஸ் உள்ளவருக்கு ஆறு மாதம் போதாமல் போகலாம். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிலையமும் ஹாங்காங், பிரிட்டன் மருத்துவர்களும் சேர்ந்து செய்து 1991இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதம் மருந்து பெற்ற சிலிகோசிஸ்காரர்களிடம் நோய் திரும்பி வந்தது அதிகம். எட்டு மாதம் பெற்றவர்களிடம் குறைவு. அந்தத் தாயின் கணவருக்கு மூன்று முறை திரும்பியதே, அட்டையில் அந்தச் சொல் இருந்திருந்தால்? இங்கே ஒரு சொல் நஷ்டஈட்டுக்கு மட்டுமல்ல, உயிருக்கே வேண்டியிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வருமுன் தடுக்கும் மாத்திரை கொடுக்கலாம் என்று 2021இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறியே கூறுகிறது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த மாத்திரை உண்டு. தங்கவயல் லைன்களில் சுரங்கத்தார் எத்தனை பேரைக் கூப்பிட்டு நெஞ்சைப் படம்பிடித்து இதைக் கொடுத்திருக்கிறார்கள் என்று அதிகாரிகள்தாம் சொல்ல வேண்டும்.

மருந்து மட்டும் போதுமா? ஒரு வரலாறு சொல்ல வேண்டும். முன்பெல்லாம் டி.பி. என்றால் சானடோரியம். தாம்பரத்துக்கோ மதனப்பள்ளி ஆரோக்கியவரத்துக்கோ போய் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். கூலிக்காரனால் முடியுமா? 1956இல் தொடங்கிய சென்னை நிலையத்தார் நகரத்தின் ஏழை நோயாளிகளைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும் மறுபாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வந்தது. நெரிசலான குடிசையில், அரை வயிற்றுக் கஞ்சியோடு இருந்தவர்களும் சானடோரியத்தில் பாலும் முட்டையும் உண்டவர்களைப் போலவே குணமானார்கள். உலகம் முழுவதும் சானடோரியங்களின் கதவைத் திறந்துவிட்ட ஆய்வு இது. சென்னை ஏழைகள் உலகத்துக்குக் கொடுத்த கொடை என்றே கூறலாம். ஆனால் ஆட்சியாளர்கள் அதிலிருந்து தமக்கு வசதியான பாடத்தை மட்டும் படித்தார்கள். கஞ்சி குடித்தும் குணமாகிறானே, பிறகு சோறு எதற்கு என்று விட்டுவிட்டார்கள்! மருந்து இருப்பவனைக் குணமாக்கும். இல்லாதவனுக்கு வராமல் தடுப்பது எது?

அதற்கு விடை 2023 ஆகஸ்டில்தான் அச்சேறியது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும், சென்னை நிலையத்தாரோடு சேர்ந்து, ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2,800 நோயாளிகளின் குடும்பங்களைப் பின்தொடர்ந்தார்கள். அதுவும் சுரங்க நாடுதான். நம்மைப் போன்ற மக்கள்தான். ஒரு பகுதியில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். இன்னொரு பகுதியில் வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும். அவ்வளவே! வீட்டாருக்கும் சோறு போட்ட இடத்தில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 அளவுக்குக் குறைந்தது. இதை அரிசியும் பருப்பும் செய்து காட்டின. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் சாவு வெகுவாகக் குறைந்தது. இங்கிலாந்திலும் மருந்து வருவதற்கு முன்பே, கூலியும் வீடும் சாப்பாடும் உயர்ந்த காலத்திலேயே காசநோய்ச் சாவு இறங்கத் தொடங்கியது என்பது சரித்திரம்.

அரசு என்ன தருகிறது? 2018 ஏப்ரல் முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். வரவேற்கிறோம். ஆனால் அது நோயாளிக்கு. நோயாளி தாயாக இருந்தால் அந்த ஆயிரத்தில் யார் சாப்பிடுவார் என்பது தாய்களுக்குத் தெரியும். போதாத குறைக்கு நோயாளிகளைத் "தத்து" எடுக்கும்படி கொடையாளிகளை அழைக்கிறார்கள். கொடுக்கும் நல்லவர்களை நாம் குறை கூறவில்லை. ஆயினும் கூடையைக் கொடுக்கும் கையும் வாங்கும் முகமும் சேர்ந்து படத்தில் விழும்போது, வாங்கியவளுக்கு டி.பி. என்று ஊரே அறிந்து கொள்கிறது. உரிமையாக ரேஷன் கடையில் கிடைக்க வேண்டியது பிச்சையாக மேடையில் ஏன் கிடைக்க வேண்டும்?

ஊர் அறிவதைப் பற்றிச் சொன்னோம். நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. ஆணுக்கு டி.பி. வந்தால் மனைவி கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாள். மனைவிக்கு வந்தால் "உங்கம்மா வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா" என்று மூட்டை கட்டுகிறோம். பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரியக் கூடாதென்று மகளின் மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளிக்கிறோம். ஒளித்த மாத்திரை பாதியில் நிற்கிறது. மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பெரும்பாலோரிடமிருந்து நோய் பரவுவது நின்றுவிடும். தட்டையும் டம்ளரையும் பிரித்து வைப்பதால் ஒரு பயனும் இல்லை. காற்றில் பரவும் நோய்க்கு ஜன்னலைத் திறப்பதே காவல். தீண்டாமையை எதிர்த்து மூதாதையர் ஓடிவந்த ஊரில், டி.பி.காரிக்கு ஒரு தனித் தட்டா? வெட்கம்!

இப்போது ரயிலுக்கு வருவோம். சுரங்கம் மூடியபின் தங்கவயலின் வயிறு பெங்களூரில் இருக்கிறது. விடியுமுன் மாரிகுப்பத்தில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாக, நின்றுகொண்டே போய், இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகளுக்கு, பகல் பத்து மணிக்குத் திறந்து மாலையில் மூடும் மருத்துவமனையால் என்ன பயன்? மாத்திரை வாங்க ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. நாலு முறை போனால் காண்டிராக்டர் வேறு ஆளை வைத்துக்கொள்கிறான். பிறகு, "நோயாளி பாதியில் மருந்தை நிறுத்திவிட்டார்" என்று பதிவேட்டில் எழுதுகிறார்கள். நிறுத்தியது நோயாளியா, நேரமா?

ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியின் பதிவை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். பெங்களூரிலேயே மருந்து வாங்கலாம். குடியாத்தத்துக்கோ வாணியம்பாடிக்கோ சொந்தத்தைத் தேடிப் போனால் அங்கும் வாங்கலாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் கண்ட அன்றே எடையையும் மூச்சையும் கால் வீக்கத்தையும் பார்த்து, ஆபத்தானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கும் எளிய ஏற்பாடு அது. அதற்குப் பெரிய கருவி வேண்டாம், தராசு போதும். கர்நாடகம் அதைப் பார்த்துச் செய்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்படுபவர்கள் கவனியுங்கள். சாதாரண நோய் உதவித்தொகை 91 நாளில் முடிந்துவிடும். காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டாண்டு வேலைத் தொடர்ச்சி இருந்தால், கூலியில் நூற்றுக்கு 80 வீதம் நீட்டித்து வாங்க இடமுண்டு. காண்டிராக்டர் ஆண்டுதோறும் பெயரை வெட்டி எழுதினால் அந்தத் தொடர்ச்சி அறுந்து போகும். இ.எஸ்.ஐ. எண்ணை மாற்ற விடாதீர்கள்.

மருத்துவமனை என்றதும் நெஞ்சு பொறுக்கவில்லை. சுரங்கத்தோடு சேர்த்து அதன் பெரிய மருத்துவமனையையும் 2001இல் பூட்டினார்கள். இருபது ஆண்டு சிலந்தியும் வௌவாலும் குடியிருந்தன. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலை அடித்தபோது, நம் ஊர் வாலிபர்கள் துடைப்பம் எடுத்தார்கள். சில வாரங்களில் கட்டில்கள் போடப்பட்டன. முடியாது என்று இருபது ஆண்டு சொல்லப்பட்டது சில வாரத்தில் முடிந்தது! கொரோனா பணக்காரனையும் பிடிக்கும், ஆகவே அவசரம். காசநோய் லைனைத் தாண்டாது என்ற நினைப்பு, ஆகவே அவகாசம். இதற்கு வேறு விளக்கம் இருந்தால் ஆட்சியாளர்கள் கூறட்டும்.

சயனைட் மலைகளைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆடிக் காற்றில் அந்த வெண்மண் பறந்து வீடெல்லாம் படிகிறது. அந்த மண் காசநோயை உண்டாக்காது, கிருமிதான் உண்டாக்கும். ஆனால் அதுவும் அரைத்த கல்தான். பறப்பதைச் சுவாசிக்க விடுவது குற்றம். மரம் நட்டு மூடும் வேலை அரைகுறையாகக் கிடக்கிறது. அதைவிட அவசரமானது வேறொன்று. சுரங்கத்தை விட்ட குடும்பங்களின் பிள்ளைகள் பெங்களூரில் கிரானைட் அறுக்கிறார்கள், டைல்ஸ் வெட்டுகிறார்கள், அடுக்கு மாடிகளின் சமையலறைக்குச் செயற்கைக் கல் பலகை பதிக்கிறார்கள். உலர் கிரைண்டரில், முகத்தில் ஒரு கைக்குட்டையோடு! அந்தச் செயற்கைக் கல்லில் சிலிக்கா அளவுக்கு மீறி இருப்பதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. பாட்டன் பூமிக்கடியில் வாங்கியதைப் பேரன் பதினாறாம் மாடியில் வாங்குகிறான். தண்ணீர் ஊற்றி வெட்டினால் தூசு அடங்கும் என்பது 1904லேயே எழுதிவைத்த பாடம்.

எனவே நம் சங்கம் கேட்பவை இவை. சுரங்கத்தில் உழைத்த ஒவ்வொருவரையும், இறந்தவர்களின் வீட்டாரையும் லைன் வாரியாகப் பட்டியல் எடுத்து, கையில் தூக்கிவரும் எக்ஸ்ரே கருவியை வாசலுக்குக் கொண்டுவந்து நெஞ்சைப் படம்பிடிக்க வேண்டும். காசநோய் அட்டையில் "செய்த தொழில்" என்ற ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். ராஜஸ்தானைப் போல் சிலிகோசிஸ் கொள்கையைக் கர்நாடகம் வகுக்க வேண்டும். சுரங்கத்தின் சொந்தக்காரனான மத்திய அரசு அதன் செலவைச் சுமக்க வேண்டும். நோயாளியின் வீட்டார் அனைவருக்கும் ரேஷனில் கூடுதல் அரிசியும் பருப்பும் வேண்டும். கடைசி ரயில் வந்து சேரும் வரை ஒரு மருந்து மையமாவது திறந்திருக்க வேண்டும். அறிவிப்புகள் கன்னடத்தோடு தமிழிலும் இருக்க வேண்டும். இது மொழிச் சண்டையன்று, மாத்திரை எப்போது விழுங்குவது என்று நோயாளிக்குப் புரிய வேண்டிய விஷயம்.

மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் உத்தேசம் நமக்கில்லை. பட்டியலை நாமே தொடங்குகிறோம். வீட்டில் உள்ள தகரப் பெட்டியைத் திறவுங்கள். சுரங்க வேலைச் சான்று, பி.எப். தாள், சம்பளச் சீட்டு, பழைய எக்ஸ்ரே, டி.பி. அட்டை, இறப்புச் சான்று - எது இருந்தாலும் ஞாயிறு தோறும் காலை பத்து மணியிலிருந்து சங்க அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை அங்கேயே திருப்பித் தருவோம். எக்ஸ்ரே படத்தை மடிக்காதீர்கள். தாத்தாவின் படமாக இருந்தாலும், கறை பிடித்திருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். அந்தத் தாய் கொண்டுவந்த மூன்று அட்டைகளை நம் ஏட்டில் முதலாவதாகப் பதிந்திருக்கிறோம்.